தீப்பொறி தெரிகிறது, தோய்ச்சல் தெரியவில்லை

வீட்டில் ஒரு சின்ன உலை வைத்து, பொழுதுபோக்காகக் கத்தி அடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஒன்று, அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் 2015-இல் தொடங்கிய 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' போட்டி நிகழ்ச்சி. யூடியூபில் துண்டு துண்டாகவாவது நீங்களும் பார்த்திருப்பீங்க. இன்னொன்று, ஆரிகன் மாநிலத்துக் கத்திக் கொல்லர் வேய்ன் கோடார்ட் எழுதி 2001-இல் வெளிவந்த '50 டாலர் நைஃப் ஷாப்' என்ற புத்தகம். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் அதிகம், புத்தகத்தைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் வீட்டுப் பட்டறை பற்றி இணையத்தில் சுற்றும் யோசனைகளில் நிறைய, அந்தப் புத்தகத்தில் இருப்பவைதான்.

இரண்டுமே சொல்வது ஒன்றுதான்: "உன்னாலும் முடியும்." அது உண்மை. என் கேள்வி வேறு. புதிதாக வருகிறவருக்கு இவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன? மறைக்கப்படுவது சின்ன விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. அது கத்தியின் உயிர்நாடியாக இருக்கிறது.

முதலில், கத்தி எங்கே கத்தியாகிறது?

கத்தி செய்வதில் மூன்று வேலைகள். வடிவம் கொடுப்பது, பதம் ஏற்றுவது, கூர் தீட்டுவது. சுத்தியலால் அடித்தும் வடிவம் கொடுக்கலாம், ஒரு எஃகுப் பட்டையை அறுத்து அரத்தால் ராவியும் கொடுக்கலாம். இரண்டிலும் கிடைப்பது கத்தி வடிவத்தில் இருக்கும் ஒரு தகடுதான். நன்றாகத் தீட்டினால் அது ஒரு தக்காளியை வெட்டும். நாலாவது தக்காளிக்கு முனை மழுங்கிவிடும்.

அந்தத் தகட்டைக் கத்தியாக்குவது நம்ம ஊர்க் கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்று சொல்லும் வேலை. எஃகைச் சுமார் 730 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது அதன் படிக அமைப்பு மாறி, உள்ளே இருக்கும் கார்பன் இரும்பில் கரைகிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பிரிந்து பழைய இடத்துக்கே போய்விடும். எண்ணெயில் சட்டென்று தோய்த்தால் பிரிய நேரம் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கடினம். ஆனால் இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் மறுபடி 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம், ஆறிய பிறகு இன்னொரு இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும், முறியாத தன்மை வரும். பதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் பிடிக்கும் இடம்.

தோய்ச்சலுக்கு முன்னும் பின்னும் கத்தி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் மிக முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சிக்கு வருவோம்.

கேமராவுக்குப் பிடித்தது

'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' நிகழ்ச்சியின் கட்டமைப்பு எளிமையானது. நாலு கொல்லர்கள், சுவரில் ஓடும் கடிகாரம், மூன்று நடுவர்கள், சுற்றுக்கு ஒருவர் வெளியே, ஜெயித்தவருக்கு 10,000 டாலர். கடைசி இருவர் தங்கள் சொந்தப் பட்டறைக்குப் போய் சில நாட்களில் ஒரு வரலாற்று ஆயுதத்தைச் செய்து கொண்டுவர வேண்டும். விறுவிறுப்பான நிகழ்ச்சி. நானே உட்கார்ந்து பல எபிசோடுகளை ஒரே மூச்சில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு எபிசோடில் எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கவனித்துப் பாருங்க. சுத்தியல் அடி, பவர் ஹாமரின் சத்தம், கிரைண்டரில் பறக்கும் தீப்பொறி, கடிகாரத்தைப் பார்த்துப் பதறும் முகம். இரண்டு மணி நேரம் அடுப்பில் சும்மா கிடக்கும் கத்தியை எந்தக் கேமராவும் காட்டாது, காட்டவும் முடியாது. ஒரு எபிசோடே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற விஷயம். அதனால் பார்க்கிறவர் மனதில் ஒரு கணக்கு உருவாகிறது: கத்தி என்பது அடிப்பது. நன்றாக, வேகமாக அடிக்கத் தெரிந்தவன் கொல்லன்.

தோய்ச்சலைக் காட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. காட்டுகிறார்கள், ஆனால் வாணவேடிக்கையாக. சிவந்த கத்தி எண்ணெய்க்குள் இறங்குகிறது, குபீரென்று தீ எழுகிறது, பின்னணி இசை உச்சத்துக்குப் போகிறது. அந்தத் தீ சூடான எஃகு பட்டு ஆவியான எண்ணெய் பற்றிக்கொள்வதால் வருவது. அதற்கும் பதத்துக்கும் சம்பந்தம் இல்லை. கத்தியைத் தயங்காமல் முழுவதும் மூழ்கவிட்டால் பெரும்பாலும் தீ சிறிதாகவே இருக்கும். வீட்டில் முயல்கிறவருக்கு அந்தத் தீ ஒரு அபாயம். எண்ணெய் பிளாஸ்டிக் வாளியில் இருக்கக் கூடாது, இரும்புப் பாத்திரமும் மூட ஒரு இரும்பு மூடியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்தக் காட்சி முதலில் கற்பித்திருக்க வேண்டும். நிகழ்ச்சித் தளத்தில் மருத்துவ உதவியாளர் ஒருவர் காத்திருக்கிறார். நம் வீட்டுக் கொல்லையில் அவர் இல்லை.

சோதனைகளுக்கு வருவோம். மான்கொம்பைக் கொத்துவது, பனிக்கட்டியை உடைப்பது, செய்துவைத்த மனித உருவை வெட்டுவது. இவற்றில் உடையாமல் தப்பிக்க மிக எளிய வழி, கத்தியைத் தடிமனாகச் செய்வது. பதம் சுமாராக இருந்தாலும் தடிமன் காப்பாற்றிவிடும். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக் கற்றவர்களின் முதல் கத்திகளை எடுத்துப் பார்த்தால் இது புரியும். காய்கறிக் கத்தி என்று செய்திருப்பார்கள், முதுகு கடப்பாரை மாதிரி இருக்கும். கேரட்டை அது வெட்டாது, பிளக்கும். நல்ல சமையலறைக் கத்தியின் முதுகு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தேவையில்லை. அந்த மெல்லிய தகட்டில்தான் தோய்ச்சல் சரியா தப்பா என்பது உடனே தெரியும்.

நிகழ்ச்சிக்கு நியாயமும் செய்ய வேண்டும். தோல்வியை அது மறைப்பதில்லை. ஒட்டாமல் பிரிந்த மடிப்புகள், எண்ணெயில் வளைந்து வந்த அலகு, விரிசல் விட்டதால் ஒரு மணி நேர வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் மனிதர், எல்லாம் திரையில் இருக்கிறது. கைத்தொழில் பற்றிய நிகழ்ச்சிகளில் இது அபூர்வம். கொல்லுப்பட்டறையை அருங்காட்சியகப் பொருளாகப் பார்த்த ஒரு தலைமுறையைக் கையில் சுத்தியல் எடுக்க வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. என் புகார், அது தவறாகச் சொல்கிறது என்பதல்ல. அதன் கடிகாரம் எதற்குப் பொருந்துமோ அதையே திறமை என்று நம்மை நம்ப வைக்கிறது என்பதுதான்.

வேறு மாதிரி ஒரு சோதனை

பொழுதுபோக்குக்காக இல்லாமல், கத்தியைக் கேள்வி கேட்பதற்காகவே அமைத்த சோதனை ஒன்று இருக்கிறது. பில் மோரன் முன்னின்று 1976-இல் உருவான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி, தன் உறுப்பினர் அடுத்த படிக்கு ஏற வைக்கும் தேர்வு. கத்தி அலகு 10 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஒரே கத்தியால் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு ஒரு மரச்சட்டத்தை இரண்டு முறை கொத்தித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்கும் கூர் மிஞ்சியிருக்க வேண்டும். கடைசியில் அதை வைஸில் மாட்டி 90 டிகிரி வளைக்க வேண்டும், முறியக் கூடாது.

வரிசையைக் கவனியுங்க. மரத்தைக் கொத்தத் தடிமனாகச் செய்தால் கயிற்றில் திணறும். கூர் நிற்க வேண்டும் என்று மிகக் கடினமாக விட்டால் வளைக்கும்போது முறியும். வளைய வேண்டும் என்று மென்மையாக விட்டால் முடியை மழிக்காது. ஏமாற்ற வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், இந்தத் தேர்வுக்காகவே செய்த கத்தி அன்றாட வேலைக்குச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பதத்தை வெளியே இழுத்துக் காட்டுகிறது. டிவி சோதனை செய்யத் தவறுவது அதைத்தான்.

புத்தகம் சொன்னதும் அதன் தலைப்பு சொன்னதும்

கோடார்ட் இந்தச் சங்கத்தின் மாஸ்டர்ஸ்மித். அவர் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விஷயம், பணம் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லவிடாத பிடிவாதம். பட்டடைக்கு ஒரு துண்டு ரயில் தண்டவாளம் போதும். உலைக்கு ஒரே ஒரு ஃபயர் பிரிக் போதும். எடை குறைந்த, கையால் குடையக்கூடிய வகைச் செங்கல் அது. நடுவில் ஒரு பொந்து, பக்கவாட்டில் டார்ச் நுழைய ஒரு துளை. சின்னக் கத்திக்குப் பதம் ஏற்ற இதில் வரும் சூடு தாராளம். கண்ணாடி மாளிகையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்த ஒரு கலையை ஒரு செங்கல்லுக்குள் அடக்கிக் காட்டினார்.

இன்னொன்று, சோதிக்கச் சொல்லும் பழக்கம். செய்த கத்தியை வெட்டிப் பார், வளைத்துப் பார், எந்த இடத்தில் தோற்கிறது என்று பார். பதத்துக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறார். இந்த வகையில் நிகழ்ச்சியை விடப் புத்தகம் பல படி மேலே.

ஆனால் புத்தகத்தை விற்றது அந்த 50 டாலர். அந்த எண்ணோடு இன்னொரு யோசனை ஒட்டிக்கொண்டு வந்தது: இரும்பை விலைக்கு வாங்காதே, பழைய அரம், வண்டி ஸ்பிரிங் என்று காயலான் கடையில் பொறுக்கு. இணையத்தில் அதிகம் பரவியது இந்தப் பகுதிதான். இங்கேதான் எனக்கு அவரோடு சண்டை.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊர்ப் பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பதும் புதிதல்ல. "அவங்க அடிக்கலையா, நான் அடிச்சா என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வித்தியாசம் இரும்பில் இல்லை, அடிக்கிறவரிடம் இருக்கிறது. ஒரே வகைப் பட்டையை வருஷக்கணக்காக அடித்த கொல்லருக்கு, அது சுத்தியலுக்குக் கீழே எப்படி நகரும், எந்த நிறத்தில் எடுத்துத் தோய்க்க வேண்டும் என்பது கைக்கே தெரியும். சந்தேகமான பட்டையைச் சாணையில் வைத்துப் பொறியைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார். காயலான் இரும்பு அவருக்குத் தெரிந்த இரும்பு. புதியவருக்கு அதே பட்டை ஒரு புதிர். கார்பன் எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது, எந்தச் சூட்டில் தோய்ப்பது, எதுவும் தெரியாது. பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம், அவை தோய்க்கும்போதுதான் வாய் திறக்கும். மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே சாதா இரும்பு.

கத்தி விரிசல் விட்டால் புதியவர் என்ன முடிவுக்கு வருவார்? "என் கை சரியில்லை." தப்பு சூட்டிலா, எண்ணெயிலா, இரும்பிலா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. மூன்றும் தெரியாத கணக்கில் விடை வராது. இரண்டு மூன்று வார இறுதிகள் இப்படிப் போனால் உலை செங்கல் செடித்தொட்டிக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும். மிச்சம் பிடித்த பணத்தைவிட இழந்த ஆர்வம் பெரிது. கோடார்ட் மாதிரி அனுபவம் உள்ளவருக்குச் சிக்கனமாக இருப்பது, புதியவருக்கு மிக விலை உயர்ந்த வழி.

பூவேலை மயக்கம்

இன்னொரு மயக்கமும் உண்டு. 1973-இல் ஒரு கண்காட்சியில் பில் மோரன் 'டமாஸ்கஸ்' கத்திகளைக் கொண்டுவந்து வைத்த பிறகு, அலை அலையாகக் கோலம் தெரியும் அலகு அமெரிக்கக் கத்திக் கொல்லர்களின் கனவாகிவிட்டது. நிகழ்ச்சியிலும் அதற்குத்தான் கைதட்டல். நம் வாசகர்களுக்கு இதில் கூடுதல் ஈர்ப்பு, "இது நம்ம ஊர் உருக்கு தானே" என்று. இல்லைங்க. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்து ஏற்றுமதியான எஃகில் வரும் கோலம், எஃகு உறையும்போதும் பிறகு அடிக்கும்போதும் உள்ளிருந்தே உருவாவது. மோரன் செய்ததும் இன்று எல்லோரும் செய்வதும் இரண்டு வகை எஃகுகளை அடுக்கி உலையில் ஒட்டி மடிப்பது. இரண்டும் வேறு வேறு தொழில்நுட்பம். அழகு இரண்டிலும் உண்டு. ஆனால் அடுக்கி ஒட்டிய கோலம், நன்றாகப் பதம் ஏற்றிய சாதாரண எஃகைவிட நன்றாக வெட்டாது. முதல் வருஷத்திலேயே இதன் பின்னால் போகிறவர், மறுபடியும் கண்ணுக்குத் தெரிவதன் பின்னால்தான் போகிறார்.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

விமர்சனம் மட்டும் எழுதிவிட்டு நழுவுவது நியாயமில்லை. இரண்டு வாசல்களிலும் இருந்து எடுக்க வேண்டியதை எடுத்தால் பாதை இப்படித்தான் தெரிகிறது எனக்கு.

முதல் கத்தியை அடிக்க வேண்டாம், ராவுங்க. என்ன வகை என்று தெரிந்த புது எஃகுப் பட்டை வாங்குங்க. 1084 என்று சொல்லும் எளிய கார்பன் எஃகு புதியவர்களுக்குத் தோதானது. கார்பன் 0.84 சதவீதம் அளவு, கரைவதற்கு நீண்ட நேரம் சூட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. ஹேக்சா, அரம், ஒரு வைஸ். அப்பார்ட்மென்டில் பட்டடைச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள், அரத்துக்கு வர மாட்டார்கள்.

பிறகு ஒற்றைச் செங்கல் உலை, திறந்த வெளியில். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். ஒரு காந்தம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்குமேல் கொஞ்சம், 815 அளவில் தோய்க்கலாம். நிழலான இடத்தில் செய்தால் நிறம் சரியாகத் தெரியும். அமெரிக்கப் புத்தகங்கள் கனோலா எண்ணெய் என்பார்கள். 50 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும். உலையிலிருந்து எண்ணெய்க்கு ஒரே எட்டு தூரம்தான் இருக்க வேண்டும். தோய்த்து ஆறியதும் அரத்தால் ராவிப் பாருங்க. வழுக்கிக்கொண்டு போனால் பிடித்துவிட்டது, கடித்தால் இல்லை. உடனே 200 டிகிரியில் ஓ.டி.ஜி. அடுப்பு, இரண்டு மணி நேரம், இரண்டு முறை. சின்ன அடுப்புகளில் சூடு ஏறி இறங்கும், ஒரு தட்டில் மணல் பரப்பி அதில் கத்தியைப் புதைத்து, தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வையுங்க. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்க, அடுத்த கேக்கில் அந்த வாசனை வந்தால் வீட்டில் பொழுதுபோக்குக்கே தடை வரும்.

துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே வேண்டாம், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். கிரைண்டர் போட்டால் கண்ணாடியும் நல்ல மாஸ்க்கும் கட்டாயம், சுழலும் இயந்திரத்தில் துணிக் கையுறை கூடாது. வாள் ஆசையை ஒத்திப்போடுங்க. இந்திய ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுகளை வீட்டு, விவசாய உபயோகத்திலிருந்து பிரித்துப் பார்க்கின்றன. காய்கறிக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியாக, கோடார்டின் பாடங்களிலேயே சிறந்தது: ஒரே பட்டையில் மூன்று கத்தி வடிவங்கள் வெட்டி, முதல் ஒன்றை உடைப்பதற்கென்றே செய்யுங்க. தோய்த்த கையோடு, அடுப்பில் வைக்காமல், வைஸில் மாட்டி ஒரு துணியைச் சுற்றித் தட்டினால் முறியும். முறிந்த முகத்தை வெயிலில் பாருங்க. சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் அதிகச் சூடு ஏற்றிவிட்டீர்கள், மணிகள் பெருத்துவிட்டன, அடுத்ததில் சூட்டைக் குறையுங்க. மங்கலான சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரி இருந்தால் சூடு சரியாக இருந்தது. இரண்டாவது கத்திக்கும் அதே நிறம், அதே எண்ணெய். அதற்குக் கைப்பிடி போடலாம்.